கையடக்கப் போனும் கைநடுக்கமும்

அன்புள்ள மகனே,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், ராஜகீழ்ப்பாக்கத்தில் இரண்டாவது மாடியில் வசித்துவரும் நம் குடும்பத்துக்குக் கடந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு கைபேசி வந்து சேர்ந்திருக்கிறது. நிறம் கறுப்பு. உயரம், உள்ளங்கையைவிட ஒரு விரற்கடை அதிகம். புதியது என்று சொன்னால் பொய், பழையது என்று சொன்னால் அதற்குக் கோபம் வரும். யாரிடமோ வாழ்ந்து, கைவிடப்பட்டு, பேட்டரி மாற்றி, முகம் துடைத்து, மறுபிறவி எடுத்து வந்திருக்கிறது. தாயும் சேயும் நலம். சேய் சார்ஜில் இருக்கிறது.

நீ இன்னும் பிறக்கவில்லை என்பதை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். எனக்கு இப்போது வயது பதினேழு. உன் அம்மா யாரென்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தாலும் நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. இதை நீ படிக்கும்போது இப்போதைய என்னைவிட நீ பெரியவனாக இருப்பாய். ஆகவே உன்னை வாங்க போங்க என்று எழுதலாமா என்று யோசித்தேன். அப்பன் அப்பன்தான், வாடா போடா என்றே எழுதுகிறேன். மற்ற அப்பாக்கள் மகனுக்குக் கல்யாணம் ஆகும்போதோ தங்களுக்கு முடி நரைக்கும்போதோ இப்படிக் கடிதம் எழுதுவார்கள். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. இன்னும் பதினெட்டு நாளில் கோயம்புத்தூரில் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போகிறேன். போவதற்குள் ஒரு வேலையை ஒரு போனிடம் ஒப்படைத்தாக வேண்டும். என் அப்பாவை உயிரோடு பார்த்துக்கொள்கிற வேலை அது.

என் அப்பா உனக்குத் தாத்தா. அந்தச் சொல்லை அவர் முன்னால் சொல்லிவிடாதே. நாற்பத்தாறு வயதுதான், மீசைக்கு மை அடிக்கிறார். லிஃப்ட் மெக்கானிக். இங்கிருந்து பொழிச்சலூர், படப்பை வரை எந்த அடுக்குமாடியில் லிஃப்ட் நின்றாலும் அவருடைய வண்டி போய் நிற்கும். ஆகவே வாழ்க்கையின் ஏற்ற இறக்கங்கள் நமக்குப் புதிதல்ல, குடும்பத் தொழிலே அதுதான். அவர் பையில் ‘பழுது, பயன்படுத்தாதீர்’ என்று ஒரு பலகை இருக்கும். அதை நான் ஒருநாள் எங்கள் கணக்கு வாத்தியாரின் நாற்காலியில் மாட்டினேன், இன்னொரு நாள் வீட்டுக் கழிவறைக் கதவில் மாட்டினேன். இரண்டாவதற்குத்தான் அடி பலமாக விழுந்தது. தலைமுறை இடைவெளி என்கிறார்களே, அது என்னவென்று அன்றைக்குத்தான் புரிந்தது. நான் தலையைக் குனிந்தால் அவர் முறைப்பார்.

மூன்று வருடமாக அவருக்குச் சுகர். ஊரில் எல்லோருக்கும் இருக்கிற, மாத்திரையில் அடங்குகிற சுகர் இல்லை. சாப்பிடுமுன் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். போட்டுக்கொண்டால் உடனே சாப்பிட்டாக வேண்டும். சாப்பிடவில்லையென்றால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும். லிஃப்ட் இறங்குவது மாதிரிதான், ஆனால் லிஃப்டுக்குக் குழியில் ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள், மனிதனுக்கு வைக்கவில்லை. அதற்காக டாக்டர் அவருடைய மேல்கையில் பத்து ரூபாய் நாணயம் அளவில் ஒரு வில்லையை ஒட்டியிருக்கிறார். அது சர்க்கரையை அளந்து போனுக்குச் சொல்லும், ரொம்ப இறங்கினால் போன் அலறும். இந்த விஷயம் அவருடைய கம்பெனிக்குத் தெரியாது. தெரிந்தால் உயரத்தில் ஏற விடமாட்டார்கள், ஆபீசில் உட்கார்ந்து புகார் எழுதிக்கொள்ளச் சொல்வார்கள் என்று அவருக்குப் பயம். அதனால் வெயில் நாளிலும் முழுக்கைச் சட்டைதான். டாக்டர் என்னையும் பார்த்து, இது குடும்பத்தில் தொடர்ந்து வரலாம், கவனமாக இரு என்றார். சொல்லும்போது பேனாவை மூடினார். அந்த மூடி ‘டிக்’ என்று சத்தம் போட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. எனக்கு வரலாம், உனக்கும் வரலாம். இந்தக் கடிதத்தை அதற்காகவும் எழுதுகிறேன்.

இனி போனுக்கு வருகிறேன். இப்போது கடையில் விற்கிற புதுப் போன்கள் எல்லாம் கடப்பாக்கல் அளவில் இருக்கின்றன. அப்பா குனிந்து வேலை செய்கிறவர், அவர் குனிந்தால் சட்டைப் பையிலிருந்து போனும் குனியும். ஒருமுறை ஐந்தாம் மாடியிலிருந்து அவருடைய போன் லிஃப்டின் உதவியே இல்லாமல் தரைத்தளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து போனைக் கருவிப் பையில் போட்டு ஓரமாக வைத்துவிடுவார். ஏப்ரல் மாதம் ஒரு மதியம் ஊசி போட்டுக்கொண்டு தட்டின் முன்னால் உட்காரும் நேரத்தில் ஒரு அழைப்பு வந்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு அடுக்குமாடியில் ஒரு மாமி லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்தார். “அஞ்சே நிமிஷம், தட்டை மூடி வை” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். லிஃப்ட்காரர்களின் வியாதி இது. உள்ளே ஆள் மாட்டியிருக்கிறது என்றால் தன் வயிறு ஞாபகம் இருக்காது. அரை மணி நேரம் கழித்து அம்மா என்னிடம், “சாப்பிட்டாரான்னு கேளுடா, அங்கயே எதாவது வாங்கித் தின்னச் சொல்லு” என்றாள். மூன்று முறை அடித்தேன், எடுக்கவில்லை. நான்காவது முறை வேறு குரல் வந்தது.

“அலோ, யாரு?”

“எங்கப்பா போன் இது. நீங்க யாரு?”

“வாச்மேன் பேசறேன் தம்பி. அட்ச்சிக்கினே கீதுன்னு எட்தேன். இத்தினி நேரம் வேற மாரி கூவிக்கினு இருந்துச்சி.”

“வேற மாதிரின்னா?”

“ஆம்புலன்ஸ் கணக்கா. அடுத்தவன் போனை எப்டிப்பா எடுக்கறது, தப்பில்ல?”

“அப்பாகிட்ட குடுங்க.”

“மாமியை எட்த்து வுட்டுட்டு குழிக்குள்ள எறங்கனாரு. கூப்ட்டேன். ‘எக்மோர் வந்துருச்சா’ன்னு கேக்கறாரு. இன்னா தம்பி, உங்கப்பா ரயில்லயா கீறாரு?”

நான் ஓடினேன். குழி என்பது லிஃப்ட் கடைசியாக வந்து நிற்கிற இடத்துக்கும் கீழே இருக்கிற பள்ளம், ஆள் உயரம்கூட இருக்காது. அப்பா அதற்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கையில் ஸ்பேனர் இருந்தது, அது தானாக ஆடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தார். கோபமோ பதற்றமோ இல்லாமல் ரொம்ப மரியாதையாக, “இங்க நிக்காதீங்க சார், வேலை நடக்குது, மேல போங்க” என்றார். என்னை முதன்முதலில் சார் என்று கூப்பிட்ட மனிதர் என் அப்பாதான். எனக்குத் தெரிந்த எல்லா ஜோக்குகளும் அந்தக் குழியில் விழுந்துவிட்டன. வாச்மேன் தன் பிளாஸ்கில் இருந்த டீயில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கொடுத்தார், நான் அதை அப்பாவின் வாயில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். அப்பா என் காலைப் பார்த்து, “ஏன்டா ரெண்டு கால்லயும் வேற வேற செருப்பு போட்டிருக்க?” என்றார். அந்தத் திட்டைப் போல இனிப்பான ஒன்றை நான் இதுவரை கேட்டதில்லை. வாச்மேன் சிரித்தார். நான் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு லிஃப்டின் பின்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அன்று மாலை வீட்டில் தீர்மானம் நிறைவேறியது. சட்டைப் பைக்குள் முழுதாக அடங்கி, பொத்தான் போட்டு மூடுகிற அளவில் ஒரு போன் வேண்டும். அந்த அளவில் இப்போது யாரும் புதிதாகச் செய்வதில்லை, புதுப்பித்து விற்கிற கடையில்தான் கிடைக்கும். போன் நிபுணர் என்ற முறையில் நான் நியமிக்கப்பட்டேன். நியமித்தவனும் நான்தான். மேற்குத் தாம்பரத்தில் மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்னக் கடை, ஜெனிஃபர் அக்கா என்பவர் தனியாக நடத்துகிறார். எங்களுக்காக இரண்டு போன்களை எடுத்து வைத்தார். ஒரே கம்பெனி, கிட்டத்தட்ட ஒரே அளவு, இரண்டு வருட வித்தியாசம். ஒன்று அண்ணன், ஒன்று தம்பி என்று அக்காவிடமே சொல்லி அப்போதே பெயர் வைத்துவிட்டேன். அண்ணனுக்குக் கொஞ்சம் தடித்த உடம்பு, இயர்போன் செருக ஒரு ஓட்டை, விரல் வைத்தால் திறக்கிற பொத்தான். தம்பி ஒல்லி, ஓட்டை இல்லை, முகம் பார்த்துத் திறப்பான்.

“யாருக்குப்பா? என்ன யூஸுக்கு?” என்று அக்கா கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சட்டைக்கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டார். “பேசறதுக்குத்தான்மா. வேற ஒண்ணும் இல்ல.”

“பேச மட்டும்னா அண்ணனே போதும் சார். ஆனா அதுக்குப் புது சாஃப்ட்வேர் வர்றது நின்னுபோச்சு, இப்பவே சொல்லிடறேன். தம்பிக்கு இன்னும் கொஞ்ச வருஷம் வரும்.”

“மென்பொருள் பழசானா என்னக்கா, வன்பொருள் வன்மையா இருக்கே” என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில், இந்த மாதிரி பையன்கள் தினம் நாலு பேர் வருவார்கள் என்று தெரிந்தது. நான் நிறுத்தவில்லை. தடித்த உடம்பு கீழே விழுந்தால் தாங்கும், விரல் பொத்தான் இருட்டிலும் வேலை செய்யும், லிஃப்ட் கூண்டுக்கு மேல் முகத்தைக் காட்டிக்கொண்டிருக்க முடியுமா என்று அரை மணி நேரம் சொற்பொழிவு ஆற்றினேன். அப்பா என் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது. “பையன் சொல்றான், அதையே குடுத்துடும்மா” என்றார். மகனே, கடையில் பொருள் வாங்கும்போது எதற்கு வேண்டும் என்று வெட்கப்படாமல் சொல். பேசத்தான் என்று நாங்கள் கேட்டோம், பேசுகிற போனைத்தான் அக்கா கொடுத்தார்.

அண்ணன் எங்கள் வீட்டில் பத்து நாள் இருந்தான். வில்லைக்கான செயலியை நானே அதில் ஏற்றினேன். எண் வந்தது, அம்புக்குறி வந்தது. அப்பா பையில் போட்டுப் பொத்தான் மாட்டினார், குனிந்தார், நிமிர்ந்தார், போன் விழவில்லை. அம்மா சாமி படத்துக்கு முன்னால் அதை ஒரு நிமிடம் வைத்து எடுத்தாள். பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சமையல் தாமதம், ஆனால் ஊசி போட்டாகிவிட்டது. சாதம் வேகிற வரை சும்மா இருக்க முடியாமல் அப்பா மிக்சியைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் எதிரில் இருந்து ஏதோ கிண்டல் செய்துகொண்டிருந்தேன். திருப்புளியின் முனை திருகாணியைச் சுற்றிச் சுற்றி வந்தது, அதன் தலையில் இருக்கிற கோட்டில் உட்காரவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு திருகாணி மாட்டுகிற மனிதர் அவர். அம்மா சமையலறை வாசலிலிருந்து அவர் கையைத்தான் பார்த்திருக்கிறாள். சர்க்கரை டப்பாவோடு வந்து ஸ்பூனால் அவர் வாயில் ஊட்டினாள். நான் அவர் பையிலிருந்து போனை எடுத்தேன். எழுபதுக்குக் கீழே போனாலே அலறியிருக்க வேண்டும், திரையில் ஐம்பத்திரண்டு என்று இருந்தது, பக்கத்தில் கீழ்நோக்கி ஒரு அம்பு. அவ்வளவு அமைதியாக இருந்தது அந்தப் போன், நல்ல பிள்ளை மாதிரி.

“அது ஏன்டா கத்தல?” என்று அம்மா கேட்டாள்.

“போன் பழசும்மா. அந்தக் கடைல நம்மள ஏமாத்திட்டாங்க.”

“ஏமாத்தினாங்களா?”

“ஆமாம்மா. சாயங்காலமே போய்க் கேக்கறேன் பாரு.”

அப்பா தேறியதும் நாங்கள் மூன்று பேரும் தாம்பரம் போனோம். நான் படியிலேயே ஆரம்பித்துவிட்டேன். பழைய போனைத் தலையில் கட்டிவிட்டீர்கள், ஒரு மனிதனின் உயிர் என்ன விளையாட்டா என்று கேட்டேன். அக்கா போனை வாங்கித் திரையைப் பார்த்தார். “என்ன செயலி?” என்று மட்டும் கேட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள், ஒருவர் டெம்பர்டு கிளாஸ் ஒட்டக் காத்திருந்தார். அப்பா இடது கைச் சட்டைப் பொத்தானைக் கழற்றி, மடிப்பு மடிப்பாகத் தோள் வரை சுருட்டி, வில்லையைக் காட்டினார். அந்த வில்லையை வீட்டுக்கு வெளியே அவர் காட்டி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. “இதுக்குத்தான்மா” என்றார்.

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார். பேசறதுக்குன்னு சொன்னீங்களே.”

“வேலை போயிடும்னு பயம்மா.”

“எங்க மாமனாருக்கும் இதே ஊசிதான்” என்றார் அக்கா. அந்தச் செயலி எந்தெந்தப் போனில் முழுதாக வேலை செய்யும் என்று ஒரு பட்டியல் இருக்கிறதாம், அதை எடுத்துப் பார்த்தார். தம்பி பட்டியலில் இருந்தான், அண்ணன் இல்லை. தம்பியில் ஏற்றி முடித்ததும் அவர் ஒரு காரியம் செய்தார். எச்சரிக்கை அடிக்க வேண்டிய எல்லையை அப்பாவின் அப்போதைய எண்ணுக்கும் மேலே உயர்த்தி வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் போன் கடையே அதிரும்படி அலறியது. டெம்பர்டு கிளாஸ்காரர் துள்ளிக் குதித்தார். அம்மாவின் தோள் முதல்முறையாகக் கீழே இறங்கியது. அக்கா எல்லையைப் பழையபடி இறக்கி வைத்து, “இப்ப எடுத்துட்டுப் போங்க” என்றார். ஒரு சின்னச் சோதனைதான், நிபுணருக்குத் தோன்றவில்லை. அடுத்த நாள் அப்பா தன்னோடு வேலைக்கு வருகிறவரிடமும் சட்டையைச் சுருட்டிக் காட்டினாராம். கம்பெனிக்கும் சொல்லிவிடுவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். எப்போது என்று சொல்லவில்லை.

இப்போது அப்பாவின் சர்க்கரை எண் என்னுடைய போனிலும் தெரிகிறது, கோயம்புத்தூரிலும் தெரியும். வசதிதான். ஆனால் நான் ஒரு நாளைக்கு எத்தனை முறை பார்க்கிறேன் என்று உன்னிடம் மட்டும் சொல்கிறேன், எண்ணுவதை நிறுத்திவிட்டேன். பல் தேய்க்கும்போது பார்க்கிறேன், பஸ்ஸில் பார்க்கிறேன், நண்பர்கள் சிரிக்கும்போது ஒரு கண்ணால் பார்க்கிறேன். எண் வராமல் ஒரு கோடு மட்டும் வந்தால் என் கைதான் நடுங்குகிறது, சர்க்கரை எனக்கா அவருக்கா என்று தெரியாமல். சத்தம் போட்டு ஊரைச் சிரிக்க வைக்கிறவன் தைரியசாலி என்று நீ நினைத்துவிடாதே. பயம் வந்தால் அவன் இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசுவான், அவ்வளவுதான். உனக்கு அப்படி ஒரு பயம் வந்தால் என் பக்கத்தில் வந்து உட்கார். ஜோக் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

வீட்டில் இப்போது எனக்கு நல்ல பெயர். பையன்தான் கண்டுபிடித்தான், பையன்தான் கடையில் போய்ச் சண்டை போட்டு மாற்றினான் என்று அப்பா பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார். நானும் மறுக்கவில்லை. இந்தக் கடிதத்தையே என்னுடைய வீரத்தைப் பற்றி உனக்கு எழுதத்தான் ஆரம்பித்தேன். பாதியில் பேனா நின்றுவிட்டது. ஆகவே நடந்ததைச் சொல்கிறேன்.

அண்ணனில் அந்தச் செயலியை ஏற்றியபோது திரையில் ஒரு அறிவிப்பு வந்தது. ஆறு வரி. இந்தப் போனின் மென்பொருள் பழையது, எச்சரிக்கை ஒலி வராமல் போகலாம், வேறு போனைப் பயன்படுத்தவும் என்று தெளிவாக எழுதியிருந்தது. அடியில் ‘புரிந்தது’ என்று ஒரு பொத்தான். நான் ஆறு வரியையும் படித்தேன். இரண்டு முறை படித்தேன். எனக்குப் புரிந்தது. அப்பா பக்கத்தில் நின்று, “என்னடா, ஆச்சா?” என்று கேட்டார். கடையில் அரை மணி நேரம் பேசியவன், இப்போது தப்பான போன் வாங்கிவிட்டோம் என்று எப்படிச் சொல்வது? ஆச்சுப்பா என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினேன். போகலாம் என்றுதானே போட்டிருக்கிறது, போகும் என்றா போட்டிருக்கிறது என்று எனக்கு நானே வக்கீலாகவும் வாதாடிக்கொண்டேன். அண்ணனை நான் தேர்ந்தெடுத்ததற்கு உண்மையான காரணமும் தடித்த உடம்பு இல்லை. அந்த இயர்போன் ஓட்டை. அப்பா வேலை முடிந்து வந்ததும் அந்தப் போனை வாங்கி என்னுடைய ஒயர் இயர்போனைச் செருகிப் பாட்டுக் கேட்கலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான்டா. ஒரு ஓட்டைக்காக.

ஜெனிஃபர் அக்கா யாரையும் ஏமாற்றவில்லை. அன்று படியில் நின்று நான் கத்தியது முழுக்க நான் அழுத்திய அந்தப் பொத்தானை மறைக்கத்தான். உனக்கு இதைச் சொல்வது எனக்குச் சுலபமாக இருக்கிறது, நீ இன்னும் பிறக்கவில்லை, திட்ட மாட்டாய். அப்பாவுக்கும் அக்காவுக்கும் இன்னும் சொல்லவில்லை. இப்போது மாலை ஆறரை. அப்பா ஹாலில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறார், எண் நூற்றுப் பதினெட்டு, அம்பு நேராக இருக்கிறது. சொல்வதற்கு நல்ல நேரம்தான். இந்தப் பத்தியை எழுதும்போதே மூன்று முறை எழுந்து போனேன். மூன்று முறையும் அவர் நிமிர்ந்து “என்னடா?” என்று கேட்டார், தண்ணீர் குடிக்க வந்தேன் என்று சொல்லி மூன்று டம்ளர் குடித்துவிட்டுத் திரும்பினேன். இவ்வளவு தாகம் எடுக்கிறதே, இவனுக்கும் சுகர் வந்துவிட்டதா என்று ஹாலில் அம்மா பயந்து அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இனி சொல்லாமல் இருக்க முடியாது.

உன் அப்பா